சாக்ஸபோனும் மேக ராகமும்

ஷாதிபூரில் வாழும் தமிழன்பர்களை எண்ணி இப்பேச்சைத் தொடங்குகின்றோம். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி ஷாதிபூர் என்பதை அனைவரும் அறிவீர்கள். ‘ஷாதி’ என்பது இந்துஸ்தானியில் திருமணத்தைக் குறிக்கும் சொல். ஆகவே உங்கள் ஊரைத் தமிழில் ‘மணவூர்’ என்று அழைத்தாலும் தவறில்லை. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு மணத்தைப் பற்றியதே. இரண்டு இசைகளுக்கிடையே நடந்த மணம் அது. நடந்த இடம் லண்டன் மாநகரம். நடந்த காலம் 1965-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம்.

அந்த மணத்தின் பதிவு ஓர் இசைத்தட்டாக 1966-இல் வெளிவந்தது. ‘இந்தோ-ஜாஸ் சூட்’ என்பது அதன் பெயர். அட்டையில் முதலில் நிற்பது ஜோ ஹேரியட் என்ற சாக்ஸபோன் கலைஞரின் பெயர். அதனை அடுத்து, இசையை இயற்றி நடத்தியவர் என்ற முறையில் ஜான் மேயர் என்பவரின் பெயர் இருக்கின்றது. ஒருவர் ஜமைக்காத் தீவினர்; மற்றவர் கல்கத்தாவில் பிறந்தவர். இவர்களுக்கும் நமக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. ஜான் மேயரின் தந்தையார் ஆங்கிலோ-இந்தியர். தாயார் தமிழ்ப் பெண்மணி. தமிழகத்துக்கு வெளியே, வேற்று மொழி வழங்கும் நகரில், தமிழ்த் தாயின் மடியில் வளர்ந்த ஒரு பிள்ளை இசையுலகில் என்ன செய்தது என்பதே நம் கதை. தமிழகத்துக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் யாவரும் கேட்க வேண்டிய கதை இது.

முதலில் ஜாஸ் என்பது யாது என்று சுருக்கமாகக் காண்போம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில் உருவாக்கிய இசை அது. தம் முன்னோரின் தாளத்தையும், வயற்காட்டிலும் தேவாலயத்திலும் பாடிய பாடல்களையும், ஐரோப்பியரின் இசைக்கருவிகளையும் ஒன்றுசேர்த்து அவர்கள் அதனை வளர்த்தார்கள். கப்பல் ஏறி வந்த மக்களின் வழிவந்தவர்கள், அவர்களுள் சிலர் விலங்குடன் வந்தவர்களின் வழியினர், வாழும் இத்தீவுகளில் அவ்விசையின் பிறப்பை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஜாஸ் இசையின் உயிர் எதில் இருக்கின்றது? நம் கச்சேரிகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு அதனை எளிதாகச் சொல்லிவிடலாம். முதலில் ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். பின்னர் ஒவ்வொருவராக முறைவைத்து, அந்த மெட்டை அடிப்படையாகக் கொண்டு, அந்தக் கணத்தில் மனத்தில் தோன்றியதை விரித்து வாசிப்பார்கள். முடிவில் மீண்டும் மெட்டுக்கே திரும்பி வருவார்கள். பல்லவியை எடுத்து, நிரவல் செய்து, கற்பனைச் சுரம் பாடி, மீண்டும் பல்லவியில் வந்து சேரும் நம் வித்துவானின் வழிக்கும் இதற்கும் உறவு இருக்கின்றதன்றோ? மனோதர்மம் என்று நாம் போற்றுவதே அவர்களுக்கும் பெருமை.

இனி சாக்ஸபோனைப் பற்றி ஒரு சொல். பெல்ஜியம் நாட்டில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் 1846-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இக்கருவிக்கு உரிமம் பெற்றார். உடல் பித்தளை, ஆயினும் ஊதுமிடத்தில் ஒற்றை நாணல் பட்டை பொருந்தியிருக்கும். நம் நாகசுரத்திலோ ஆச்சா மரத்து உடலும், இரட்டை நாணலால் ஆன சீவாளியும் அமைந்திருக்கின்றன. நாகசுரத்தில் விரல் நேராகத் துளையின் மீது படும். துளையைப் பாதி மூடியும், மூச்சை அடக்கியும் மிகுத்தும், உதட்டால் சீவாளியை அழுத்தியும் கமகம் பிறக்கின்றது. சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதில்லை; விசையைத் தொடும், அது துளையை மூடும். விரலுக்கும் நாதத்துக்கும் இடையே ஒரு பொறி நிற்கின்றது. நம் ராகத்தைச் சாக்ஸபோனில் வாசிக்க முயல்பவர் எதிர்கொள்ளும் முதல் இடர் இதுவே.

இப்போது இசைத்தட்டின் இரு நாயகர்களையும் அறிமுகம் செய்வோம். ஜோ ஹேரியட் 1928-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வளர்ந்து, அங்கேயே வாத்தியம் கற்றார். 1951-இல் இங்கிலாந்துக்கு வந்தார். கப்பலேறி வந்த கறுப்பருக்கு அந்நாளைய லண்டனில் வரவேற்பு எளிதாகக் கிட்டவில்லை. ஆயினும் அவருடைய ஊதலின் வன்மையை ஒருவராலும் மறுக்க இயலவில்லை. ‘ஃப்ரீ ஃபார்ம்’ என்ற இசைத்தட்டையும், அதன் பின்னர் 1963-இல் ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்பதையும் வெளியிட்டு, ஜாஸ் இசைக்கு வகுக்கப்பட்டிருந்த கட்டுகளைத் தளர்த்தி வாசிக்கும் புதுவழியைக் காட்டினார். அமெரிக்கக் கலைஞர்களைப் பின்பற்றியே ஐரோப்பிய ஜாஸ் நடந்த காலத்தில், தனக்கென ஒரு பாதை வகுத்தவர் என்று இசை வரலாற்றாசிரியர்கள் இன்று அவரைப் பாராட்டுகின்றனர்.

ஜான் மேயர் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வயலின் பயின்றவர். பம்பாயில் அவருக்கு ஆசானாக விளங்கியவர் மேலி மேத்தா. 1952-இல் உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் என்னும் கல்லூரிக்குச் சென்றார். அங்கே கீழை நாட்டு இசையையும் மேலை நாட்டு இசையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பின்னர் லண்டன் ஃபில்ஹார்மானிக், ராயல் ஃபில்ஹார்மானிக் என்னும் பெரும் வாத்தியக் குழுக்களில் வயலின் வாசித்து வாழ்க்கை நடத்தினார். பகலில் பிறர் இயற்றியதை வாசிப்பது. ஓய்வு நேரத்தில் தாமே இயற்றுவது என்பதாக அவர் வாழ்வு சென்றது.

டெனிஸ் பிரஸ்டன் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஒருநாள் அவரிடம், ‘இசைத்தட்டொன்றை நிறைவு செய்யச் சிறிய உருப்படி ஒன்று தேவை, கைவசம் இருக்கின்றதா?’ என்று கேட்டார். இல்லையென்று சொல்ல மனமில்லாத மேயர், இருப்பதாகச் சொல்லிவிட்டு, இரவோடிரவாக அதனை எழுதி முடித்தாராம். அமெரிக்காவின் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய அஹ்மெத் எர்டெகன் அந்த உருப்படியைக் கேட்டுவிட்டு, இந்திய இசையும் ஜாஸும் இணைந்த முழு இசைத்தட்டொன்றைத் தயாரிக்கலாமே என்றார். ‘இந்தோ-ஜாஸ் சூட்’ பிறந்த வரலாறு இதுவாகும்.

அதற்கென அமைந்த குழுவில் பதின்மர். ஐவர் ஜாஸ் அணியினர்: சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ, பெரிய பேஸ் வாத்தியம், டிரம்ஸ். ஐவர் மறு அணியினர்: மேயரின் வயலின், புல்லாங்குழல், திவான் மோதிஹார் வாசித்த சித்தார், கேசவ் சாத்தே வாசித்த தபலா, இவற்றோடு தம்பூரா. இருபுறமும் ஐவர் ஐவராக, சம்பந்திகள் எதிரெதிரே அமர்ந்த மணப்பந்தலைப் போன்று அந்தக் குழு அமைந்தது. முகப்பிசையாக ஒன்று, ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ என்ற ஒன்று, மேக ராகத்தில் ஒன்று, கௌட சாரங்க ராகத்தில் ஒன்று என நான்கு உருப்படிகள் அதில் உள்ளன.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பியானோவும் ஜாஸும் பல சுரங்களை ஒரே வேளையில் ஒலித்து அடுக்கடுக்காகக் கட்டும் இயல்புடையன. அந்த அடுக்கு மாறிக்கொண்டே செல்லும். வாசிப்பவரின் கற்பனை அதன்மீது ஏறிச் செல்லும். நம் ராகத்துக்கோ அடுக்கு தேவையில்லை. ஆதார சட்சமம் ஒன்று அசையாமல் நிற்க, ஒற்றைக் கோடாக ராகம் விரிவடையும். அடுக்கு மாறினால் ராகம் குலையும். அடுக்கே இல்லையெனில் ஜாஸ் கலைஞருக்குத் தரையே இல்லாதது போன்ற உணர்வு வரும். மேயர் ராகத்தின் பக்கமே நின்றார். தம்பூராவின் சுருதியை அடித்தளமாக்கினார். அந்தந்த ராகத்துக்குரிய சுரங்களுக்குள்ளேயே மேலைக் கருவிகளின் வரிகளையும் எழுதிக் கொடுத்தார்.

தம்மை எக்கட்டும் கட்டாதிருக்கவேண்டுமென்று போராடிய ஹேரியட், இந்தப் புதிய கட்டுக்குள் எவ்வாறு வாசித்தார்? அங்கேதான் இசைத்தட்டின் சுவை இருக்கின்றது. அவருடைய நாதம் கூர்மையானது. சற்றே கரகரப்பும் அழுகையும் கலந்தது. ராக இலக்கணம் அவருக்கு உறவன்று. ஆயினும் ஒரு சுரத்தைத் தொட்டுச் சறுக்கி இறங்கும் பழக்கம் ஜாஸ் வாசிப்பவர்க்கு இயல்பாகவே உண்டு. சித்தாரும் குழலும் சொல்லியதை அவர் தம் மொழியில் திருப்பிச் சொல்லும்போது, வேற்றூர் மாப்பிள்ளை மாமியார் வீட்டுச் சொல்லைத் தட்டுத்தடுமாறியேனும் அன்புடன் பேசுவதைக் கேட்கும் மகிழ்ச்சி நமக்கு உண்டாகின்றது.

மேக ராகம் என்றவுடன் வடநாட்டு விஷயம் என்று நம் நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டா. ச, ரி, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்கள் அதற்கு உரியன. அதே ஐந்து சுரங்களைக் கொண்டதே நம் மத்தியமாவதி. கச்சேரி முடிவில் மங்களமாகப் பாடப்பெறும் மத்தியமாவதியைக் கேளாத தமிழ்ச் செவி உண்டோ? வடக்கே அச்சுரங்கள் மழைமேகத்தை அழைக்கின்றன. தெற்கே அவையே நிறைவையும் நலத்தையும் வாழ்த்துகின்றன. சுரம் ஒன்றேயாயினும் பிடிப்பும் அசைவும் வேறு. தென்மேற்குப் பருவமழை முதலில் வந்து இறங்கும் இந்தத் தீவுகளில் வாழ்பவர்களுக்கு இரு பொருளும் பொருந்தும்.

எனினும் அளவுக்கு மீறிப் புகழ்வது நம் நோக்கமன்று. இந்த இசைத்தட்டில் குறைகளும் உள. இரு அணியினரும் ஒருவரோடொருவர் கலந்து ஒன்றாவதைக் காட்டிலும், முறைவைத்து அடுத்தடுத்துப் பேசுவதாகவே சில இடங்களில் தோன்றுகின்றது. எழுதிக் கொடுத்த வரிகள் மிகுதியாதலால், கற்பனைக்கு இடம் குறைந்துவிடுகின்றது. மேலைக் கருவிகளில் சுரம் இருக்கின்றது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வளைந்து செல்லும் கமகம் மெலிந்திருக்கின்றது. மேலும், தமிழ்த் தாயின் மகன் இயற்றிய இசையில் மிருதங்கமோ நாகசுரமோ இல்லை. இந்திய அணி முழுவதும் வடநாட்டு மரபைச் சேர்ந்தது. இது குற்றமன்று, கல்கத்தாவில் வளர்ந்தவருக்கும், அந்நாளில் லண்டனில் கிடைத்த கலைஞர்களுக்கும் அதுவே அருகில் இருந்த மரபு.

ஆனால் இதில் நமக்கொரு பாடம் இருக்கின்றது. தாய் தமிழர் என்பதனால் மட்டும் தென்னாட்டு இசை பிள்ளையின் கைக்கு வந்துவிடுவதில்லை. குருதி எதனையும் கற்பிப்பதில்லை. மேயர் இந்திய இசையைத் தேடிப் பயின்றார். ஆதலின் தேடியது அவருக்குக் கிட்டியது. கண்ணுக்கும் செவிக்கும் எட்டும் தொலைவில் எந்த இசை இருக்கின்றதோ, அதுவே பிள்ளையின் இசையாகும். நம் இசை அவர்கள் செவிக்கு எட்டவேண்டுமென்றால் எட்டுமாறு நாம் செய்யவேண்டும். அவர்கள் வளர்ந்தபின் ‘எம் மரபை மறந்தார்களே’ என்று வருந்திப் பயனில்லை.

எட்டுமாறு செய்தால் என்ன நிகழும் என்பதற்கு இரு சான்றுகள் சொல்வோம். முதற்சான்று மலேசியாவில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த சார்லி மரியானோ என்பவர் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர். சார்லஸ் மிங்கஸ் 1963-இல் வெளியிட்ட பெரிய ஜாஸ் படைப்பொன்றில் அவருடைய ஊதல் உருக்கத்துக்குப் பெயர்பெற்றது. அவர் 1960-களின் இடைப்பகுதியில் மலேசிய வானொலியின் வாத்தியக் குழுவுடன் பணியாற்றச் சென்றார். அங்கே தமிழரின் நாகசுரம் அவர் செவியில் விழுந்தது. கேட்டு வியந்ததோடு அவர் நிற்கவில்லை. கைதேர்ந்த கலைஞராகியும் மீண்டும் மாணாக்கராகி அதனைப் பயின்றார். பின்னாளில் தென்னிந்தியாவுக்கும் வந்து கற்றார்; தம் இசைத்தட்டுகளிலும் நாகசுரம் வாசித்தார். ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். அவருக்கு நாகசுரத்தை முதலில் காட்டியது தஞ்சையன்று, திருவாவடுதுறையன்று. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்ற தமிழர், தாம் சென்ற இடத்தில் விடாது காத்த மேளமே காட்டியது.

இரண்டாம் சான்று கத்ரி கோபால்நாத். ‘டூயட்’ என்ற 1994-ஆம் ஆண்டுத் தமிழ்த் திரைப்படத்தில் அவருடைய சாக்ஸபோனைக் கேட்டு மகிழாதவர் அரியர். கருநாடக மாநிலத்தின் தென்கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையார் நாகசுர வித்துவான். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கண்டு அதன்மீது காதல் கொண்டார். நாகசுரத்தை நன்கு அறிந்த செவியுடன் சாக்ஸபோனை அணுகினார். விசைக்கும் விரலுக்கும் இடையே நின்ற பொறியை மூச்சாலும் உதட்டாலும் வென்று, கமகத்தை அதில் குடியேற்றினார். அதற்குப் பல்லாண்டுக் காலச் சாதகம் தேவைப்பட்டது. சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவருக்கு வழிகாட்டினார். 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவர் வாசிப்பைக் கேட்டு, உடன்சேர்ந்து வாசித்தார். 1994-இல் லண்டன் பி.பி.சி. நடத்தும் ‘பிராம்ஸ்’ இசை விழாவில் அவர் வாசித்தார். 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மங்களூரில் காலமானார்.

மேயரும் ஹேரியட்டும் ஜாஸின் வாயிலில் ராகத்தைக் கொணர்ந்து நிறுத்தினார்கள் என்றால், கோபால்நாத் ராகத்தின் வீட்டுக்குள் சாக்ஸபோனை அழைத்து வந்து பாயில் அமர்த்தினார். இரு வழிகளும் வேண்டப்படுவனவே. புதிய கருவி வந்தால் பழைய மரபு அழியும் என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆர்மோனியத்தில் கமகம் வாராது என்ற காரணங்காட்டி அகில இந்திய வானொலியே அதனை 1940 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் விலக்கிவைத்திருந்தது. ஆயினும், வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே? பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கித் தந்தார்; இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணவும் முடிவதில்லை. கிளாரினெட்டும் மாண்டலினும் அவ்வழியே வந்து சேர்ந்தன. கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனை ஏந்துபவரின் செவியில் எந்த இசை குடியிருக்கின்றது என்பதே முக்கியம்.

இனி அந்த இசைத்தட்டின் நாயகர்களுக்குப் பின்னர் நேர்ந்ததையும் கூறிவிடுவோம். 1967-இலும் 1968-இலும் ‘இந்தோ-ஜாஸ் ஃப்யூஷன்ஸ்’ என்ற பெயரில் மேலும் இரண்டு இசைத்தட்டுகளை அவர்கள் வெளியிட்டனர். ஆயினும் ஹேரியட்டுக்கு வாழ்க்கை இனிதாக அமையவில்லை. வறுமையும் நோயும் வாட்ட, 1973-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள், தமது 44-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவரை உலகம் நன்கு உணர்ந்துகொண்டது அதன் பின்னரே. மேயர் பர்மிங்காம் நகரத்து இசைக் கல்லூரியில் இளைஞர்களுக்குக் கற்பித்தார். 1990-களில் தம் பழைய குழுவைப் புதியவர்களைக் கொண்டு மீண்டும் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம், லண்டனில், வண்டி மோதி உயிர் நீத்தார்.

நேயர்களே! தீவுகளில் தமிழர் வாழ்க்கை ஒரே வழியில் அமைந்ததன்று. சென்னையிலிருந்து கப்பலேறி வேலை தேடி வந்தவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறியவர்கள் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளியில் இந்தி பேசுகின்றார்கள். அடுத்த வீட்டில் வங்காளமோ தெலுங்கோ மலையாளமோ கேட்கின்றார்கள். தமிழும் தமிழிசையும் இவர்களிடம் நிலைக்குமா என்ற கவலை பெற்றோர் உள்ளத்தில் இருப்பதை நாம் அறிவோம். அக்கவலைக்குப் பிள்ளையைப் பூட்டி வைப்பது மருந்தன்று. எல்லாம் காலப்போக்கு என்று கைவிடுவதும் மருந்தன்று. பங்குனி உத்திரத்தில் மேளம் முழங்கும்போது, ஒலிபெருக்கியின் கூச்சலை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை நாகசுரக்காரர் அருகில் அமரச் செய்யலாம். சீவாளியைக் காட்டச் சொல்லலாம். இது இன்ன ராகம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் செய்யலாம். பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ ஊதும் சிறுவனிடம், மத்தியமாவதியின் ஐந்து சுரங்களை ஊதிக்காட்டச் சொல்லலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

வாய்ப்புள்ளோர் இன்னொன்றும் செய்யலாம். மாலையில் வீட்டார் கூடியிருக்கும்போது, மத்தியமாவதியில் அமைந்த ஏதேனும் ஒரு பாடலை முதலில் கேளுங்கள். அடுத்து, ‘இந்தோ-ஜாஸ் சூட்’ இசைத்தட்டில் உள்ள மேக ராகத்தைக் கேளுங்கள். எந்த இடத்தில் நம்முடைய சுரம் காதில் படுகின்றது, எந்த இடத்தில் அது விலகி வேறாகின்றது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால், மரபு எங்கும் போய்விடவில்லை என்று நீங்கள் அமைதி கொள்ளலாம். சொல்ல இயலாவிடில், அடுத்த நாள் மாலை மீண்டும் ஒருமுறை மத்தியமாவதியைக் கேட்கச் செய்யுங்கள்.